52-ல் 17 போனால் 45: ஆசிரியர் பயிற்சிகளைத் திட்டமிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பணியிடைப் பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கியிருந்த 2 மணி நேரம் இனி இல்லை என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. அந்த நேரத்தில் காணொலி பார்க்க வேண்டுமாம். பிறகு இணைப்பில் வரும் 10 வினாக்களுக்கு விடையளித்து, சான்றிதழைப் பதிவேற்ற வேண்டுமாம். கலந்துரையாடலால் அளவிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை என்பது சொல்லப்படும் காரணம். இந்த முடிவு தவறு. ஏன் தவறு என்பதை மூன்றாம் வகுப்புக் கழித்தல் கணக்கு ஒன்றை வைத்தே காட்டிவிடலாம்.

52 − 17 என்று கரும்பலகையில் போடுகிறோம். இரண்டு பிள்ளைகள் 45 என்று எழுதுகிறார்கள். இருவர் நோட்டிலும் சிவப்பு மையில் பெருக்கல் குறி. பதிவேட்டிலும் செயலியிலும் இருவருக்கும் ஒரே குறிப்பு: கழித்தலில் கூடுதல் பயிற்சி தேவை. ஆனால் இருவரும் செய்தது ஒன்றல்ல. முதல் பிள்ளை ஒன்றின் இடத்தில் 2, 7 இரண்டையும் பார்த்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 போட்டது. பத்தின் இடத்தில் 5-ல் 1 போக 4. இரண்டாவது பிள்ளை ஒழுங்காகக் கடன் வாங்கியது. 12-ல் 7 போக 5 என்று சரியாகவே எழுதியது. கடன் கொடுத்த 5 இப்போது 4 ஆகிவிட்டது என்பதை மட்டும் மறந்து, 5-ல் 1 போக 4 என்று முடித்துவிட்டது. அங்கும் 45, இங்கும் 45.

ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி 52 − 18 என்று கொடுத்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். முதல் பிள்ளை 46 எழுதும், இரண்டாவது 44 எழுதும், சரியான விடை 34. ஒன்றின் இடத்து இலக்கங்களுக்கு இடையே வேறுபாடு சரியாக 5 ஆக இருந்தால் இந்த இரண்டு தவறுகளும் ஒரே விடையில் போய் முட்டும். 10-ல் 5 போனாலும் மிச்சம் 5 தானே! 63 − 28, 81 − 36 எல்லாம் இப்படிப்பட்ட கணக்குகள்தாம். வினாத்தாள் தயாரிக்கிறவர் அந்த 5-ஐத் தவிர்த்துவிட்டால் போதும், பிள்ளையின் தலைக்குள் என்ன நடந்தது என்று விடையே சொல்லிவிடும்.

வைத்தியமும் வேறு வேறு. முதல் பிள்ளையிடம் பத்துப் பத்தாகக் கட்டிய 5 ஈர்க்கில் கட்டுகளையும் 2 உதிரி ஈர்க்கிலையும் கொடுத்து, 18 எடுத்துத் தா என்று கேட்க வேண்டும். உதிரி 2-ல் 8 எடுக்க முடியாது என்பது கையில் தட்டுப்படும். ஒரு கட்டை அவிழ்த்தே தீர வேண்டும். அவிழ்க்கும்வரை நாம் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் கஷ்டம். இரண்டாவது பிள்ளைக்கு ஈர்க்கில் தேவையில்லை, அவிழ்ப்பது அதற்குத் தெரியும். அவிழ்த்த பிறகு எத்தனை கட்டு மிச்சம் என்று எண்ணச் சொல்லி, 5-ஐ அடித்து மேலே 4 எழுதவைத்தால் பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும். இருவருக்கும் சேர்த்து 20 கணக்கு கூடுதலாகக் கொடுத்தால்? முதல் பிள்ளை தன் தவறான வழியை 20 தடவை போட்டுப் பழகும். கூடுதல் பயிற்சி என்ற பெயரில் பிழை உறுதிப்பட்டு நிற்பது இப்படித்தான்.

இதை ஓர் ஆசிரியர் எங்கே கற்றுக்கொள்வார்? காணொலியில் அல்ல. காணொலியில் வருவது சரியாகப் போடப்பட்ட கணக்கு. இந்த 45 என்பது நாலைந்து நோட்டுகளை மேசையில் விரித்து, பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்க பிள்ளையும் இதையே எழுதியிருக்கு, ஆனா கடன் வாங்கின அடையாளம் இருக்கே என்று சொல்லும்போது புலப்படுவது. தாங்கள் நீக்கியிருப்பது அந்த மேசையை.

தமிழ் வாசிப்பிலும் இதே கதை. கொடி என்ற சொல்லைக் கெரடி என்று படிக்கும் பிள்ளையைப் பார்த்து எழுத்தே தெரியவில்லை என்று எழுதிவிடுகிறோம். உண்மையில் அது எழுத்துகளை ஒன்று விடாமல் படித்திருக்கிறது. இடப்பக்கக் கொம்பையும் க-வையும் சேர்த்துக் கெ என்று வாசித்தது. வலப்பக்கம் நின்ற காலை ர என்று எடுத்துக்கொண்டது. அச்சில் காலும் ர-வும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரிந்தால் பிள்ளை என்ன செய்யும்? கொ, கோ வரிசையை அறிமுகப்படுத்தும்போது கொம்பையும் காலையும் ஒரே நிறச் சாக்பீஸிலும், நடுவில் வரும் மெய்யை வேறு நிறத்திலும் எழுதி, இரண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்று காட்டினால் ஒரு வாரத்தில் தெளியும். கேரள எல்லையை ஒட்டிய மேல்புறம், முஞ்சிறைப் பக்கம் வீட்டில் மலையாளமும் புழங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களின் வாசிப்புப் பிழைகளை இன்னும் நிதானமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பேச்சு வழக்கும் எழுத்துக் குழப்பமும் அங்கே கலந்து கிடக்கும். மாநிலம் முழுவதற்கும் பொதுவாக எடுத்த ஒரு காணொலிக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் வரவேண்டும் என்று 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் குறை சொல்ல வரவில்லை. ஒரே வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பார்க்கும் பழக்கம் அதனால் வந்தது, நல்லதுதான். ஆனால் அதற்கான பயிற்சி மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று படி இறங்கி வருவதற்குள் என்ன ஆகிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மேலே காரணத்தோடு சொல்லப்பட்டது, கீழே வரும்போது வெறும் செய்முறையாகச் சுருங்கிவிடுகிறது. எந்தச் செயல்பாட்டுக்கு எத்தனை நிமிடம், எந்தப் பக்கத்தில் எந்தப் படம் என்பது பிழையில்லாமல் வந்து சேரும். ஒரு பிள்ளை 6 வாரமாக மொட்டிலேயே நின்றால் என்ன செய்வது என்ற கேள்வி வழியில் எங்கோ உதிர்ந்துவிடும். கேட்டால் பயிற்சி நடத்தும் கருத்தாளருக்கும் சங்கடம். அவரும் நம்மைப்போல் ஓர் ஆசிரியர், கையில் கிடைத்த பிபிடியை அப்படியே கொண்டுவந்தவர்.

அந்த 10 வினாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடைகள் டீ வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகின்றன. எல்லோருக்கும் 10-க்கு 10. இதில் ஆசிரியர்களின் நேர்மையைப் பற்றித் தாங்கள் வருத்தப்படலாம், தவறில்லை. அதைவிட வருந்த வேண்டியது, யாருக்கு எதில் உதவி தேவை என்பது அந்த 10-க்கு 10-ல் எங்குமே தெரியாமல் போவது. 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரப் பணித்திறன் மேம்பாடு என்கிறது. அந்தக் கொள்கை நமக்கு ஏற்பா இல்லையா என்பது வேறு பேச்சு. மணிக்கணக்கை மட்டும் பார்த்தால் 50 என்ன, 100-ஐக் கூடக் காணொலியால் நிரப்பிவிடலாம்.

வகுப்பில் வினா கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே அளந்து சொன்ன விஷயம் இது. ஆசிரியர்கள் ஏறக்குறைய 1 வினாடிதான் காத்திருக்கிறார்கள். அதை 3 வினாடி ஆக்கினால் விடைகள் நீளமாகின்றன, தெரியாது என்ற பதில் குறைகிறது, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இதைக் காணொலியில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவோம். மறுநாள் வகுப்பில் அதே 1 வினாடிதான், ஏனென்றால் நாம் காத்திருக்கவில்லை என்பதே நமக்குத் தெரியாது. சக ஆசிரியர் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து 10 கேள்விகளைக் குறித்தால் போதும். தாளில் மூன்றே பத்தி: என்ன கேள்வி, எத்தனை வினாடி, யார் விடை சொன்னது. மூன்றாவது பத்தியில் அதே நாலு பெயர் திரும்பத் திரும்ப வந்திருப்பதைப் பார்க்கும்போது உறைப்பதுபோல எந்தக் கருத்தாளர் சொன்னாலும் உறைக்காது. இந்தக் குறிப்பு அந்த ஆசிரியர் கையிலேயே இருக்க வேண்டும், மேலே போகக் கூடாது. போகும் என்று தெரிந்தால் அன்றைக்கு வேறொரு வகுப்பு நடக்கும்: நேற்றே விடை சொல்லிக் கொடுத்த கேள்விகள், கைதூக்கப் பழக்கிய பிள்ளைகள்.

நடுநிலை வகுப்புகளுக்கு வருவோம். விகிதமும் சதவீதமும் கற்பிக்கும் காணொலிகளில் எடுத்துக்காட்டு பெரும்பாலும் பீட்சா, இல்லாவிட்டால் பெரிய கடைத் தள்ளுபடி. திருவட்டாறு, மேல்புறம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போகிறார்கள். பாலில் 35 சதவீதம் ரப்பர் என்றால் என்ன, ஷீட் அடிக்க அதில் தண்ணீர் சேர்த்து 12.5 சதவீதத்துக்குக் கொண்டுவருவது எதற்கு என்பதெல்லாம் அந்த வீடுகளில் அன்றாடப் பேச்சு. கணக்கு இதோ: 5 லிட்டர் பால், 35 சதவீதம். எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும்?

பல பிள்ளைகள் 35-ல் 12.5 போக 22.5, ஆகவே 22.5 லிட்டர் தண்ணீர் என்பார்கள். சதவீதத்தைக் கூட்டல் கழித்தலாகவே நினைக்கும் பழக்கம் அது, இந்தப் பாடத்தின் மையமான பிழையே அதுதான். அதை அங்கேயே அழித்துவிடாமல், அப்படியானால் ஷீட் எத்தனை வரும் என்று கேட்க வேண்டும். 1 லிட்டரை 1 கிலோவாக வைத்துக்கொண்டால் 5 லிட்டரில் ரப்பர் 1.75 கிலோ, தண்ணீர் ஊற்றினாலும் அந்த 1.75 மாறாது. அது மொத்தத்தில் 12.5 சதவீதமாக வேண்டுமென்றால் மொத்தம் 14 லிட்டர், ஆகவே தண்ணீர் 9 லிட்டர். தட்டுக்கு 4 லிட்டர் வீதம் ஊற்றினால் மூன்றரைத் தட்டு. தட்டுக்கு அரைக் கிலோ ஷீட், மூன்றரைத் தட்டுக்கு 1.75 கிலோ. தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது பாருங்கள். 22.5 லிட்டர் ஊற்றியிருந்தால் கலவை 6.4 சதவீதத்துக்குப் போய்விடும். அவ்வளவு தண்ணியா, அதுல ஷீட்டு எப்படி நிக்கும் என்று பிள்ளையே சிரிக்கும்.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு ஒட்டாது. குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளத்து மீனைப் பங்கு வைப்பதில் தொடங்கலாம், தோவாளையில் பூச்சந்தைத் தராசில் தொடங்கலாம். மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் கடலுக்குள் நிற்கும் வள்ளுவரே இருக்கிறார். பீடம் 38 அடி, சிலை 95 அடி. 38-ஐயும் 95-ஐயும் 19-ஆல் வகுத்தால் 2-க்கு 5. ஒரு தாளில் பீடத்தை 2 செ.மீ., சிலையை 5 செ.மீ. என்று வரையச் சொன்னால் விகிதம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இப்படி ஒரு கணக்கை ஓர் ஆசிரியர் தனியாக யோசித்துச் செய்துவிடலாம்தான். ஆனால் எந்த எண்களைப் போட்டால் பிழை வெளியே வரும், எதைப் போட்டால் மறைந்துகொள்ளும் என்பது நாலு வகுப்பில் நடத்திப் பார்த்து, நாலு பேர் கூடிப் பேசினால்தான் தெரியும். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பார்த்து, திருத்தி மறுபடி நடத்தும் வழக்கம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறது. நாம் கேட்பது அதில் காற்பங்குகூட இல்லை.

பழைய கலந்துரையாடல் குறையில்லாமல் நடந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. பல இடங்களில் அது அரட்டையாகவும் புலம்பலாகவும் போனது உண்மை. என்ன கோளாறு என்பதும் தெரிந்ததே. எல்லா வகுப்பு ஆசிரியர்களும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் ஒன்றாம் வகுப்புக்காரருக்கும் எட்டாம் வகுப்புக்காரருக்கும் பேசப் பொதுப் பொருள் இருக்காது. மேசையில் நோட்டு இல்லாவிட்டால் பேச்சு ஐந்தாவது நிமிடத்தில் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை என்பதற்குப் போய்விடும். அதிகாரி வந்து உட்கார்ந்தால் அழகான கையெழுத்து நோட்டுகள் மட்டும் பையிலிருந்து வெளியே வரும். இதெல்லாம் போக, அறிக்கையும் படமும் பதிவேற்ற அரை மணி நேரம். படத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருப்போம், வட்டத்தின் நடுவில் என்ன இருந்தது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

சரி செய்வது கடினமல்ல. ஒரே வகுப்பு நடத்தும் 5 அல்லது 6 பேர் ஒரு குழு. ஒவ்வொருவரும் ஒரே பாடத்திலிருந்து 6 நோட்டு கொண்டுவர வேண்டும்: நன்றாகச் செய்யும் இரு பிள்ளை, நடுத்தரம் இரண்டு, தடுமாறுவது இரண்டு. அட்டையில் பெயரை மறைத்துவிடலாம். முதல் 20 நிமிடம் பேச்சே இல்லை, நோட்டுகளை மதிப்பெண்படி அல்லாமல் பிழையின் வகைப்படி பிரித்து அடுக்குவது மட்டும். அடுத்த 25 நிமிடம், பிள்ளை எப்படி நினைத்து இதை எழுதியிருக்கும் என்ற பேச்சு. இந்த முக்கால் மணி நேரத்தில் குடும்பம், ஊர், சாதி, பெற்றோர் எதையும் இழுக்கக் கூடாது, தாளில் இருப்பதை மட்டும் பேச வேண்டும். பிறகு கால் மணி நேரத்தில் அந்தப் பிழையைப் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு கேள்வி எழுத வேண்டும், 52 − 18 போல. மீதி ஒரு மணி நேரம் பாடத்தின் முதல் 15 நிமிடத்தை எப்படி நடத்துவது என்று திட்டமிட. முழுப் பாடத்துக்கும் திட்டம் போடப் போனால் ஒன்றும் உருப்படியாக முடியாது. அடுத்த மாதம் அதே 6 பிள்ளைகளின் நோட்டு மறுபடி மேசைக்கு வர வேண்டும். தாங்கள் கேட்கும் அளவிடத்தக்க பலன் அந்த இரண்டாவது நோட்டில் இருக்கும்.

ஈராசிரியர் பள்ளிகளின் நிலைமையைத் தனியே சொல்ல வேண்டும். ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவர் 5 வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு சமாளிக்கிறார். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள பள்ளியிலிருந்து வருகிறவருக்கு மழைக்காலத்தில் பேருந்து கிடைப்பதே பெரும்பாடு. நமக்கு மழை ஜூனிலும் உண்டு, ஐப்பசியிலும் உண்டு. சென்னை நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறித்தால் இது தெரியாது. இவ்வளவையும் தாண்டி அவர் வந்து சேர்வது வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய ஒரு காணொலிக்கு என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

எனவே நாங்கள் கேட்பவை:

குறுவள மையக் கூட்டத்தில் அந்த 2 மணி நேரத்தை அடுத்த மாதத்திலிருந்தே திரும்பத் தர வேண்டும். காணொலிகளை நிறுத்தச் சொல்லவில்லை, அவற்றைக் கைபேசிக்கு அனுப்பிவிடுங்கள். நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்கிறோம்.

குழுக்களை வகுப்புவாரியாகப் பிரித்து, மேலே சொன்னபடி ஆளுக்கு 6 நோட்டு என்ற ஒரே நிபந்தனையோடு கூட்டத்தை நடத்த உத்தரவிட வேண்டும். படமும் பதிவேற்றமும் வேண்டாம். குழுவுக்கு ஒரு பக்கம் போதும்: என்ன பிழை, பிள்ளை எப்படி நினைத்தது, எந்தக் கேள்வி அதைக் காட்டியது, எது பலித்தது, எது பலிக்கவில்லை. அந்த ஒரு பக்கங்களை வகுப்புவாரியாகத் தொகுத்து 9 ஒன்றியங்களுக்கும் அனுப்பினால், ஓராண்டில் இந்த மாவட்டத்துக்கே சொந்தமான ஒரு வினாத் தொகுப்பு கையில் இருக்கும்.

ஆசிரியர் பயிற்றுநர்களை வாரத்தில் 2 நாளாவது எமிஸ் என்ற கல்வித் தகவல் தளத்துக்கான விவரச் சேகரிப்பிலிருந்து விடுவிக்க வேண்டும். அவர்கள் ஒரு வகுப்புக்கு ஒரு தடவை வந்து படிவம் நிரப்பிப் போவதை விட்டு, 3 வாரத்துக்குள் அதே வகுப்புக்கு 2 தடவை வர வேண்டும். வரும்போது ஆசிரியரை விட்டுவிட்டு, 3 பிள்ளைகள் என்ன எழுதினார்கள், என்ன சொன்னார்கள் என்பதை மட்டும் குறித்துத் தர வேண்டும். அந்தக் குறிப்பு ஆசிரியர் மீதான நடவடிக்கைக்குப் பயன்படாது என்று எழுத்தில் உறுதி வேண்டும்.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கூட்டத்துக்கு வரும் நாளில் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் அந்தப் பள்ளியில் வகுப்பு எடுக்க வேண்டும். அவருக்கும் பிள்ளைகளோடு தொடர்பு விட்டுப் போகாது.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்குக் காரணம் என்ன என்பதை அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு முன் எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். நேரில் பேச விரும்பினால் ஏதேனும் ஒரு பள்ளியில் மாலை 4.30-க்கு மேல் வாருங்கள். நோட்டுகளை எடுத்து வைத்திருக்கிறோம்.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்
கன்னியாகுமரி மாவட்டம்